கைப்பிடிக்குள் கறுப்பு மணல்

சுஹைரா பதினொரு வருடங்கள் மணல் எண்ணினாள். பகிடிக்குச் சொல்லவில்லை, அவளுடைய உத்தியோகமே அதுதான். புல்மோட்டையில், கடற்கரை மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் இருந்தாள். வரும் மாதிரிகளைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து, ஒவ்வொரு மணியாகப் பார்த்து எழுதுவாள். உருக்குப் போல மின்னினால் இல்மனைட். செம்மஞ்சளாக இருந்தால் ரூட்டைல். தண்ணீர்த் துளி போல இருந்தால் சேர்க்கோன். ஒரு தட்டுக்கு முந்நூறு மணி. அவள் எண்ணியதும் இயந்திரம் எண்ணியதும் ஒத்துவராவிட்டால், இயந்திரத்தைத்தான் திருத்தச் சொல்வார்கள்.

கல்யாணம் முடித்துக் கிண்ணியாவுக்கு வந்ததோடு அந்த வேலை போயிற்று. சில வருடங்கள் வீட்டில் இருந்தாள். பிறகு, திருகோணமலையில் தொல்லியல் ஆராய்ச்சி நடத்தும் ஒரு குழுவுக்குப் பழைய பானை ஓடுகளைப் பதிவதற்கு ஆள் தேவையென்று அவளுடைய கணவர் அன்ஸார் கேள்விப்பட்டு வந்து சொன்னார். பாலையூற்றில் ஒரு வாடகை வீட்டில் அந்தக் குழு இயங்கியது. குழுவின் தலைவர் தர்மசீலன், பல்கலைக்கழக விரிவுரையாளர், ஐம்பத்தாறு வயது. நேர்முகத்தில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்ய அலுக்காதா உங்களுக்கு?"

"மணல் எண்ணினனான் சேர்," என்றாள். வேலை கிடைத்தது.

கழுவுவது, இலக்கம் எழுதுவது, படம் வரைவது, ஏதாவது எழுத்தோ கீறலோ இருந்தால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பது என்று நான்கு வருடங்கள் போயின. அந்த நான்கு வருடங்களில் தர்மசீலன் தேடியது ஒன்றைத்தான். கிரேக்கரும் ரோமரும் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் வைனும் ஒலிவ் எண்ணெயும் மீன்சாறும் கப்பலேற்றிய மண்சாடிக்கு அம்போரா என்று பெயர். இரண்டு கைப்பிடி, கூரான அடி. சில சாடிகளின் கைப்பிடியில், களிமண் ஈரமாக இருக்கும்போதே முத்திரை குத்தியிருப்பார்கள். செய்வித்தவர் பெயரோ அந்த ஆண்டின் அதிகாரி பெயரோ அதில் இருக்கும். அப்படி ஒரு கைப்பிடி கிடைத்தால், எந்த ஊர்ச் சாடி, எந்தக் காலத்துச் சாடி என்று துணிந்து சொல்லலாம். கொட்டியாரக் குடாவுக்குள் அந்தக் கப்பல்களின் சரக்கு வந்திருக்கிறது என்பது தர்மசீலனின் நம்பிக்கை. கையில் சான்று இல்லை. குழுவுக்கு வரும் நிதி அந்த வருடத்தோடு முடிய இருந்தது.

அந்த ஆவணி மாதத்தில்தான் றுவைஸ் வந்தான்.

றுவைஸ் சுஹைராவின் ஒரே தம்பி. பிறந்தது புல்மோட்டை, மணம் முடித்தது மூதூரில். கொட்டியாரக் குடாவில் சங்குக்கும் கடலட்டைக்கும் முத்துக்குளிப்பவர்களைப் போல மூழ்கிப் பிழைப்பவன். ஒரு சாக்குத் துண்டைப் பிரித்து அவள் முன்னால் வைத்தான். உள்ளே ஒரு முழ நீளத்துக்குக் குறைவான, வளைந்த மண் கைப்பிடி. கடற்புழுக்கள் கட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்கள் அதை மூடியிருந்தன. ஓர் இடத்தில் மட்டும் அவன் விரலால் உரசியிருந்தான். அங்கே நீள்சதுரக் கட்டத்துக்குள் நான்கு லத்தீன் எழுத்துகள் எழும்பி நின்றன. கடைசி எழுத்தின் கால் உடைந்திருந்தது.

"ராத்தா, இது உங்கட சேர் தேடுற சாமானா பாரு," என்றான்.

அவள் அதைப் பாலையூற்றுக்குக் கொண்டுபோனாள். தர்மசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். உடைந்த முனையில் சுண்ணாம்பு விலகியிருந்த இடத்தில் சில கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன.

"கறுப்பு மணல்," என்றார். "சுஹைரா, இத்தாலியில நேப்பிள்ஸ் குடாப் பக்கத்துச் சாடியளிலதான் இப்பிடி எரிமலைக் கறுப்பு மணல் கிடக்கும். உங்கட தம்பி என்னத்தைக் கொண்டுவந்திருக்கிறார் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

அந்த நான்கு எழுத்துகள் எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. அது அவருடைய சந்தோசத்தைக் கூட்டியது. இதுவரை யாரும் காணாத முத்திரை. படத்தைப் பார்த்த வெளிநாட்டு நிபுணர் ஒருவரும் நம்பிக்கை தரும் விதமாகவே பதில் எழுதினார். செப்டெம்பர் பதினெட்டாம் திகதி, அதிகாரிகளையும் பத்திரிகைக்காரரையும் அழைத்து அறிவிப்பதென்று முடிவாயிற்று.

மூதூரில் அந்தச் செய்திக்கு வேறொரு அர்த்தம் இருந்தது. குடாவில் புதிய இறங்குதுறைக்காகக் கடலடியைத் தோண்டப் போவதாக அப்போது கதை அடிபட்டது. தோண்டினால் சங்கு விளையும் கடலடிப் பார் போய்விடும். பழைய கப்பல் சாமான் கிடைத்த இடமென்றால் தோண்ட விடமாட்டார்கள் என்று சுழியோடிகள் பேசிக்கொண்டார்கள். றுவைஸை வீதியில் கண்டவர்கள் தோளில் தட்டினார்கள்.

அறிவிப்புக்கு மூன்று நாள் இருக்கையில், தர்மசீலன் சுஹைராவைக் கூப்பிட்டு, உடைந்த முனையைச் சுத்தமாக்கித் தரச் சொன்னார். கிட்டத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம்.

அவள் மேசையில் தனியாக இருந்து வேலையைத் தொடங்கினாள். வினாகிரியில் தோய்த்த தூரிகையால் சுண்ணாம்பை மெல்ல மெல்லக் கரைத்தாள். நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றி, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தாள். வெளிச்சத்தைச் சரிசெய்தாள்.

கறுப்பு மணி ஒன்று உருக்குப் போல மின்னியது.

எரிமலைக் கறுப்பு எப்படி இருக்குமென்று தர்மசீலன் வைத்திருந்த ஒப்பீட்டு மாதிரிகளில் அவள் பார்த்திருக்கிறாள். உடைந்த போத்தல் போலக் கூராக, விளிம்பில் பச்சை ஒளி கசியும். இது உருண்டை. கடல் உருட்டி உருட்டித் தேய்த்த உருண்டை. பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் மணி. அதற்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் துளி.

கை தானாக எண்ணத் தொடங்கியது. நூறு மணி எண்ணினாள். எழுபத்தொன்று இல்மனைட், ஒன்பது ரூட்டைல், எட்டு சேர்க்கோன், மிச்சம் வேறு கலப்பு மணிகள். பதினொரு வருடங்கள் நாள்தோறும் எழுதிய அதே விகிதம். இத்தாலியை அவள் கண்டதில்லை. இந்த மணலை அவளுக்குத் தெரியும். அவள் பிறந்த ஊர்க் கரை அது.

அதை இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் யாரும் இத்தாலிக்கு அள்ளிக்கொண்டு போகவில்லை. அப்படியானால் யாரோ இங்கே செய்திருக்கிறார்கள். யார்? புல்மோட்டை மணலை அறிந்த ஒருவர். அம்போரா முத்திரை எப்படி இருக்குமென்று தெரிந்த ஒருவர். அல்லது அது தெரிந்த அக்காவின் வீட்டுக்கு வந்து, மேசையில் கிடந்த படங்களைப் பார்த்த ஒருவர்.

அவள் நுணுக்குக்காட்டியின் விளக்கை அணைத்தாள்.

அன்று பின்னேரமே அன்ஸாரின் மோட்டார் சைக்கிளில் மூதூருக்குப் போனாள். றுவைஸ் கரையில், கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்குப் பக்கத்தில், காற்றுக் குழாயைச் சோதித்துக்கொண்டிருந்தான். அன்ஸாரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவள் கிட்டப் போனாள்.

"றுவைஸ், அந்தக் கைப்பிடி எங்க கிடந்திச்சு?"

"சொன்னன்தானே. குடாவுக்குள்ள, எட்டுப் பாக ஆழத்தில. கிழிஞ்ச இழுவை வலை ஒண்டுக்கு அடியில."

"உண்மையைச் சொல்லு. நீ செஞ்சதா?"

அவன் குழாயைக் கீழே போட்டான்.

"என்ன கேட்ட?"

"அதுக்குள்ள நம்மட ஊர் மண் கிடக்குடா. நான் எண்ணிட்டன். துறை கட்டுறதை நிப்பாட்ட நீங்க ஆராச்சும்..."

"ராத்தா," என்றான் றுவைஸ். சத்தம் போடவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "பதினெட்டு வயசில இருந்து நான் கடலுக்குள்ள போறன். கடல் தந்ததை எடுத்தன். உன்ட கையில தந்தன். என்னைக் கள்ளன் எண்டு கேட்கிறதுக்கா இவ்வளவு தூரம் வந்த?"

"நான் கேட்காட்டி வேற ஆக்கள் கேட்பாங்க."

"அவங்க கேட்கட்டும். நீ கேட்டதுதான் எனக்கு நோகுது."

அவன் குழாயை எடுத்துச் சுருட்டிக்கொண்டு நடந்துவிட்டான்.

திரும்பும் வழியில், கிண்ணியாப் பாலத்தில் வைத்து அன்ஸார், "சொல்லாம விட்டா என்ன ஆகும்?" என்றார்.

"படிச்ச ஆக்கள் அதை எழுதுவாங்க. பிறகு வாற ஆக்கள் அதைப் படிப்பாங்க. எனக்கு மட்டும்தான் பொய் எண்டு தெரியும்," என்றாள்.

மறுநாள் காலை அவள் தர்மசீலனின் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணிக்கை எழுதிய தாளை முன்னால் வைத்தாள். அவர் நுணுக்குக்காட்டிக்குப் போய் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இதை எப்பவில இருந்து தெரியும் உங்களுக்கு?"

"நேற்றுத்தான் சேர்."

"நேற்று." அவர் கதிரையில் இருந்தார். "கண்டெடுத்தது உங்கட தம்பி. கொண்டுவந்து தந்தது நீங்கள். மண் உங்கட ஊர் மண். முத்திரைப் படங்கள் இருக்கிற அலுமாரிப் பூட்டுத் திறப்பு உங்கட கையில. நாளையிண்டைக்கு நான் ஆக்களுக்கு என்ன சொல்லுறது, சுஹைரா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் கதவைத் தட்டினாள்.

"நான் செய்திருந்தா, நானே வந்து சொல்லுவனா சேர்?"

"பயந்தா சொல்லுவினம்," என்றார் அவர். சொன்னதும் பார்வையை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சுகவீனம் என்று காரணம் சொல்லி நிகழ்வு ஒத்திவைக்கப்பட்டது. ஒரு சிறு துண்டு கண்டியில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் போனது. மூன்று கிழமையில் பதில் வந்தது: கரையோரக் கனிய மணல், இந்த நாட்டினுடையது. நிதி தருபவர்கள் முறைப்பாடு செய்தார்கள். பொலிஸார் கிண்ணியாவுக்கு வந்து அவளிடமும், மூதூருக்குப் போய் றுவைஸிடமும் வாக்குமூலம் எடுத்தார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாமென்று தர்மசீலன் தொலைபேசியில் சொன்னார். தோளில் தட்டிய அதே ஆட்கள் இப்போது றுவைஸைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். அவன் அவளுடைய அழைப்புகளை எடுப்பதில்லை.

வீட்டில் இருந்த அந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கைப்பிடி பாலையூற்றில் பூட்டிக் கிடந்தது. அவளிடம் இருந்தது முத்திரையின் பென்சில் படி ஒன்றுதான். முதல் நாள் எடுத்தவற்றில் மங்கிப்போனதென்று கொப்பிக்குள் வைத்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பகல் பொழுதில், வேலையில் படித்த ஒரு விசயம் மனதில் தட்டியது. ஒரு முத்திரைக்கு ஓர் அச்சு உண்டு. ஒரு தடவை குத்துவதற்காக யாரும் அச்சு செதுக்குவதில்லை. அதனால்தான் ஒரு முத்திரை கிடைத்தால், ஆராய்ச்சிக்காரர் அதே அச்சில் குத்திய மற்றதைத் தேடுவார்கள். எழுத்தில் ஓர் உடைவு இருந்தால் அதே உடைவு மற்றதிலும் இருக்கும். தம்பி பொய் சொல்லவில்லையென்றால், இந்தக் கைப்பிடிக்கு எங்கோ கூடப்பிறந்தவை இருக்க வேண்டும்.

பிறகு, இழுவை வலை. அதைப் பற்றி றுவைஸ் சொன்னதை அவள் அன்று காதில் வாங்கவே இல்லை. குடாவுக்குள் இழுவை வலை இழுப்பதில்லை. வெளியே இழுப்பவர்கள், கிழிந்ததையும் வலையில் ஏறிய கல்லையும் கட்டையையும் குடா வழியாகத் துறைமுகத்துக்குத் திரும்பும்போது கடலில் தள்ளிவிட்டுப் போவார்கள். அவர்கள் இழுப்பது வடக்கே, உப்புவெளி, நிலாவெளிக்கு வெளியே.

அன்ஸார் வேலையில்லாத நாட்களில் இருவரும் வடக்குக் கரையில் தேடினார்கள். செங்கல் சூளைகளில் கேட்டார்கள். சட்டி பானை செய்பவர்களிடம் கேட்டார்கள். கேட்ட இடமெல்லாம் அவள் தாளை விரித்துக் காட்டினாள். தலையாட்டினார்கள். ஒரு சூளைக்காரர், "நீங்கள்தானே அந்தப் பொலிஸ் விசாரிச்ச பொம்பிளை?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஆறாவது தடவை, இனிப் போவதில்லை என்று அவள் நினைத்திருந்த நாள், நிலாவெளியில் ஒரு சிறிய விருந்தினர் விடுதியில் தண்ணீர் குடிக்க நின்றார்கள்.

குசினிக்குப் பின்னால், மணலில் பாதி புதைந்து ஒரு சாடி நின்றது. கூரான அடி. இரண்டு நீளக் கைப்பிடி. அதன் வாயில் கறிக்குப் போடும் ரம்பைச் செடி.

சுஹைரா தண்ணீர்க் கோப்பையை வைக்க மறந்து நடந்தாள். கைப்பிடியில் பாசி. சேலைத் தலைப்பால் துடைத்தாள். நீள்சதுரம். நான்கு எழுத்து. கடைசி எழுத்துக்குக் கால் இல்லை.

அவள் தாளை எடுத்து மேலே வைத்தாள். கடற்காற்றில் இரண்டு தடவை வழுகியது. மூன்றாவது தடவை எழுத்தின் மேல் எழுத்து, உடைவின் மேல் உடைவு அப்படியே பொருந்தியது.

"அதை ஏன் தடவுறியள்?" என்று பின்னால் ஒரு குரல். விடுதியில் சமைக்கும் அன்னலட்சுமி, அன்புவழிபுரத்திலிருந்து நாள்தோறும் வந்துபோகிறவர், மீன் கழுவிய கையோடு நின்றார்.

"அம்மா, இது எங்கால வந்தது?"

"இஞ்ச முந்தி ஒரு வெள்ளைக்காரர் சுழியோட்டம் காட்டுற கடை வைச்சிருந்தவர். நான் அவருக்குத்தான் சமைச்சனான். கடலுக்குள்ள பழங்காலத்துக் கப்பல் சாமான் மாதிரிக் கிடந்தா சுற்றுலாக்காரர் கனபேர் வருவினம் எண்டு, இப்பிடிப் பத்துப் பன்னிரண்டு சாடி செய்விச்சு அடியில தாட்டவர். இது வாய் கோணிப்போச்செண்டு விட்டது."

"மண்?"

"குச்சவெளிப் பக்கத்துக் கரையில கறுத்த மண் அள்ளிக் கலந்தவை. புல்மோட்டை மண் மாதிரித்தான். இத்தாலிச் சாடி அப்பிடித்தான் இருக்குமாம். அவர் எல்லாத்தையும் கம்பியூட்டரில பாத்துப் பாத்துச் செய்விச்சவர். பிறகு ஈஸ்டருக்குக் குண்டு வெடிச்சது, கொரோனா வந்தது, ஒருத்தரும் வரேல்லை. கடையை மூடிப்போட்டுப் போயிட்டார்."

"இந்த எழுத்து?"

அன்னலட்சுமி சிரித்தார். "அதோ? அவருக்கு நாலு பொம்பிளைப் பிள்ளையள். அதுகளின்ர பேரின்ர முதல் எழுத்துகள். அச்சு கீழ விழுந்து ஒரு துண்டு உடைஞ்சு, கடைசிப் பிள்ளைக்குக் கால் இல்லாமப் போச்செண்டு கவலைப்பட்டவர்."

சுஹைரா அந்த மணலிலேயே இருந்துவிட்டாள். அன்ஸார் ஓடிவந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். தம்பி சொன்னது உண்மை. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு சாடி தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்த நாள் தர்மசீலன் கைப்பிடியோடு வந்தார். முழங்காலில் நின்று, அதைச் சாடியின் கைப்பிடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அன்னலட்சுமி கொண்டுவந்த தேத்தண்ணி ஆறும்வரை அவர் எழும்பவில்லை.

"நாலு எழுத்துக்கும் ரோமாபுரி முழுக்க ஆள் தேடினனான்," என்றார் கடைசியில். பிறகு அவளைப் பார்த்து, "உங்களிட்ட அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது," என்றார்.

"என்ட தம்பியிட்டச் சொல்லுங்க சேர்."

அவள் சொன்னதை அவர் செய்தார். அன்றே பொலிஸுக்கும் நிதி தருபவர்களுக்கும் கடிதம் எழுதினார். அந்த வெள்ளிக்கிழமை சுஹைராவையும் அழைத்துக்கொண்டு மூதூருக்குப் போய், றுவைஸ் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். றுவைஸ் வலைப்பையைத் தைப்பதை நிறுத்தவில்லை.

"என்ட ராத்தாவே என்னை நம்பல்ல. நீங்க நம்பாததுக்கு நான் என்ன சேர் சொல்ல?" என்றான்.

சுஹைரா வாசலுக்கு வெளியே நின்று அதைக் கேட்டாள். உள்ளே போகவில்லை.

குழுவின் நிதி நின்றது. ஆனால் தர்மசீலன் நடந்ததை மறைக்காமல் ஒரு கட்டுரையாக எழுதினார். கறுப்பு மணலைக் கண்ணால் மட்டும் பார்த்து இத்தாலி என்று சொல்வதில் உள்ள ஆபத்து என்பது அதன் பொருள். எழுதியவர் பெயர்களில் முதலாவது சுஹைராவுடையது. அதைப் படித்துவிட்டுத் தென்னிந்தியாவிலிருந்து ஒருவர் தங்கள் ஓடுகளின் படங்களை அனுப்பினார். பிறகு இன்னொருவர். இப்போது அவள் கிண்ணியா வீட்டில் ஒரு பழைய நுணுக்குக்காட்டியை வைத்துக்கொண்டு, மூன்று ஆராய்ச்சிக் குழுக்களுக்கு மணல் எண்ணிக் கொடுக்கிறாள். ரோமர் சாடி என்று வருபவற்றில் பல, உள்ளே தார் போன்ற கீல் பூசிய பாரசீகக் குடாச் சாடிகள் என்று அவளே முதலில் கண்டு எழுதியிருக்கிறாள்.

குடாவில் துறைக்கான வேலை தொடங்கிவிட்டது. றுவைஸ் இப்போது வெருகல் பக்கமாகப் போய் மூழ்குகிறான். ஒன்றரை வருடம் அவன் அக்காவின் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. போன நோன்புப் பெருநாளுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளைகளோடு வந்து நின்றான். அவள் பதறிப்போய்ச் சோறு போட்டாள். அவன் பாதி சாப்பிட்ட பிறகு தலையை நிமிர்த்தினான்.

"ராத்தா, ஒண்டு கேட்கவா? அதை நான்தான் செஞ்சிருந்தா, அப்பயும் போய்ச் சொல்லியிருப்பியா?"

சுஹைரா கையில் கரண்டியோடு நின்றாள். பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது.

"ஓம்," என்றாள்.

றுவைஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, "கறி இன்னும் கொஞ்சம் வை," என்றான்.